போர்ட் ஸ்கேன்: டெல்டா வீட்டு சர்வருக்கு எந்தப் பாதுகாப்பு ஒத்துவரும்?

பழைய லேப்டாப்பில் லினக்ஸ், அதில் குடும்பப் படங்களுக்கு இம்மிச், சினிமாவுக்கு ஜெல்லிஃபின். பக்கத்திலேயே களத்தையும் மோட்டார் கொட்டகையையும் பார்க்கிற கேமராக்களின் டிவிஆர். மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகள் சென்னையில், மகன் சிங்கப்பூரில். இரண்டு பேரும் வெளியிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். ரவுட்டரில் 22ஆம் போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு வாசலை, திறந்து, தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக வருவதுதான் பலரும் முதலில் செய்வது. திறந்த கொஞ்ச நேரத்திலேயே லாகை, அதாவது சர்வரின் பதிவேட்டை, பார்த்தால் ரூட், அட்மின், உபுண்டு, பை, டெஸ்ட் என்ற பெயர்களில் எந்தெந்த நாட்டிலிருந்தோ உள்ளே வரப் பார்த்தவர்களின் வரிகள் நிரம்பிக் கிடக்கும்.

இதில் யாரும் மன்னார்குடியைக் குறிவைக்கவில்லை. இணையத்தின் பழைய வகை முகவரிகளான ஐபிவி4 மொத்தமே சுமார் 429 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியிட்ட ஜீமேப் என்ற நிரல், ஒரு கிகாபிட் இணைப்பிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டித் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடும்; போர்ட் ஸ்கேன் என்பது இதுதான். ஷோடான் 2009 முதல் இதையே தொழிலாகச் செய்து, எந்த முகவரியில் என்ன திறந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கவும் வசதி வைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள், கம்பெனிகள், திருடர்கள், வைரஸ் பிடித்த யாரோ ஒருவரின் ரவுட்டர் என்று எல்லாமே தட்டுகின்றன. அதை நிறுத்த நம்மால் ஆகாது. தட்டும்போது நம் பக்கமிருந்து என்ன பதில் போகிறது என்பது மட்டும்தான் நம் கையில். கீழே வரும் வழிகளை நான் எடைபோடுவது அந்தக் கணக்கில்தான்.

முதலில் ஐபி

வழிகளை ஒப்பிடும் முன் ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் வேன் ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். அது 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தாலோ, 10இல் தொடங்கினாலோ, உங்களுக்குத் தனிப் பொது ஐபி கிடையாது. ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். சின்ன ஊர்களில் கேபிள்காரர் இழுத்துக் கொடுக்கும் ஃபைபரில் இப்படி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டே அவர் கையில்தான் இருக்கிறது என்றால், ‘வேன் ஐபி என்ன, அண்ணே?’ என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து எந்த ஸ்கேனும் வந்து சேராது. நல்லதுதான். ஆனால் மகனாலும் வர முடியாது. போர்ட் ஃபார்வர்டிங், அதாவது ரவுட்டருக்கு வருவதை சர்வருக்குத் திருப்பிவிடுவது, என்ன செய்தாலும் பலிக்காது. பாதி ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடுகிறது: போர்ட்டைத் திறந்து வைத்துப் பாதுகாக்கும் வழிகள் எதுவும் இந்த வீட்டுக்குக் கிடையாது. நிலையான ஐபி வேண்டுமென்று கேட்டால் தனிக் கட்டணத்துக்குக் கொடுப்பார்கள். அது தேவையா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

புதிய வகை முகவரியான ஐபிவி6 தனிக் கதை. அதில் முகவரியைப் பங்கு போடும் வேலையே இல்லை. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் நேரடிப் பொது முகவரி கிடைக்கும். ஒரு வீட்டுக்குத் தரும் மிகச் சிறிய தொகுப்பிலேயே 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடிக்கு மேல் முகவரிகள் இருப்பதால் அதை வரிசையாக ஸ்கேன் செய்து முடிக்க யாராலும் ஆகாது. அதற்காக ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலை அணைத்துவிட வேண்டாம். சர்வர் வெளியே பேசும் இடமெல்லாம் தன் முகவரியைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது.

போர்ட்டை மாற்றுவது

22ஐ 2222 ஆக்கினாலோ 48 ஆயிரத்துச் சொச்சம் ஆக்கினாலோ லாக் சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதியை நம்பக் கூடாது. என்மேப் என்ற ஸ்கேன் நிரல் தானாகத் தேடுவது அதிகம் புழங்கும் 1000 போர்ட்களைத்தான், அதனால் சோம்பேறி ஸ்கேன்களிலிருந்து தப்பலாம். மொத்தம் 65,535ஐயும் பார்ப்பவன் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்தால் எஸ்எஸ்ஹெச் தன் பெயரையும் பதிப்பையும் முதல் வரியிலேயே சொல்லிவிடும். வாசல் மாடத்தில் இருந்த சாவியை மாட்டுக் கொட்டகை உத்தரத்துக்கு மாற்றிய மாதிரி. செய்வதில் தப்பில்லை. இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதில்தான் தப்பு.

ஃபெயில்2பேன்

எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் இதுதான் முதல் பரிந்துரை. எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. லாகைப் படித்து, ஒரே முகவரியிலிருந்து 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறினால் அந்த முகவரியை 10 நிமிடம் தடுக்கும் — மாற்றாமல் விட்டால் அதன் கணக்கு இதுதான். ஆனால் பாஸ்வேர்டை ஊகிக்கும் கூட்டங்கள் ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து ஆளுக்கு ஒன்றிரண்டு முயற்சி என்று பிரித்துக்கொண்டு வருகின்றன. ஐந்துக்குள் நின்றுவிடுகிறவனை இது தொடாது.

நம் ஊர் மொபைல் இணைப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பொது ஐபியில் ஏராளமான போன்கள். மகள் தன் போனில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துக்கொண்டே இருந்தால், அதே ஐபி பின்னால் வந்து விழும் மருமகனும் வெளியே நிற்க வேண்டியதுதான். சர்வருக்கு முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் நிரலை வைத்து, உண்மையான முகவரியை அது கடத்தித் தராவிட்டால், ஃபெயில்2பேன் ப்ராக்ஸியையே தடுத்துவிட்டு எல்லோரையும் வெளியே நிறுத்தும்.

எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டு, கீ (கருவியில் இருக்கும் ரகசியக் கோப்பு) மட்டும் செல்லும் என்று வைத்துவிட்டால் ஊகிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதைச் செய்தவருக்கு ஃபெயில்2பேன் லாகைச் சுத்தமாக வைக்கும் துடைப்பம், அவ்வளவுதான். செய்யாதவருக்கு அது போதாது.

கீ வைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அதுவும் இல்லை. 2024 ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் ஒரு ஓட்டை வெளியானது. உள்நுழையவே தேவையில்லாமல், கீயோ பாஸ்வேர்டோ கேட்கும் கட்டத்துக்கு முன்னாலேயே தாக்கக்கூடியது. நடைமுறையில் அதைப் பயன்படுத்துவது எளிதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் வெளியே தெரிகிற ஒரு நிரல் இருக்கும்வரை, அதில் நாளைக்கு என்ன ஓட்டை வரும் என்பது நமக்குத் தெரியாது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற மிரட்டல் நிரல் கியூநாப் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, மாட்டியவை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்திருந்த பெட்டிகள்தான்.

போர்ட் நாக்கிங்

குறிப்பிட்ட சில போர்ட்களைச் சொன்ன வரிசையில் தட்டினால்தான் எஸ்எஸ்ஹெச் திறக்கும். பார்க்க அழகான வித்தை. ஸ்கேன் செய்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வழியில் இருப்பவன் அந்த வரிசையைக் கண்ணால் பார்த்துவிட முடியும், மறுபடி அதையே தட்டவும் முடியும். மேலும் சரியாகத் தட்டிய ஐபிக்குத்தான் கதவு திறக்கிறது. மொபைல் இணைப்பு என்றால் அந்த ஐபி பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் திறக்கிறது. இந்த இரண்டு குறையில் முதலாவதைத் தீர்க்க, தட்டுவதையே மறைகுறியாக்கி அனுப்பும் எஃப்டபிள்யூநாப் போன்றவை வந்தன. அதை அமைக்கிற நேரத்தில் அடுத்து வரும் வயர்கார்டை அமைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

நாடுவாரியாகத் தடுப்பதையும் சிலர் சொல்வார்கள். மகன் சிங்கப்பூரில், சித்தப்பா மகன் துபாயில். அந்த வழியை இத்தோடு விட்டுவிடலாம்.

வயர்கார்ட்

இது ஒரு விபிஎன்: வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு மறைகுறியாக்கிய ஒரு டனல். பொது ஐபி இருக்கிற வீட்டுக்கு என் கணக்கில் இதை விஞ்ச ஒன்றில்லை. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலிருந்து லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மொத்தமே சில ஆயிரம் வரி நிரல். ஒரே ஒரு யூடிபி போர்ட், வழக்கமாக 51820, அது மட்டும் திறந்தால் போதும். சரியான கீ இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது. ஸ்கேன் செய்பவனுக்கு அந்தப் போர்ட்டும் ஃபயர்வால் விழுங்கிய போர்ட்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதில் கவனிக்க ஒரு நுணுக்கம் உண்டு. ஃபயர்வாலில் ரிஜெக்ட் என்று வைத்தால் மூடிய போர்ட்கள் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று பதில் அனுப்பும். டிராப் என்றால் மௌனம். மற்ற யூடிபி போர்ட்கள் எல்லாம் பதில் சொல்லி, 51820 மட்டும் மௌனமாக இருந்தால் அந்த மௌனமே காட்டிக்கொடுக்கும். எல்லாமே டிராப் என்றால் வித்தியாசம் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் மட்டும் ரிஜெக்ட் வைத்துக்கொள்ளலாம், ஏதாவது வேலை செய்யாதபோது காரணம் சீக்கிரம் தெரியும்.

கஷ்டம் எங்கே என்றால், கரண்டில். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து எழும்போது ஐபி மாறிவிடும். அதற்கு டிடிஎன்எஸ் வைத்து, ஒரு பெயரை எப்போதும் புதிய ஐபிக்குத் திருப்பிவிடலாம். ஆனால் வயர்கார்ட் பொதுவாக அந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பது டனலை ஆன் செய்யும்போது ஒரு தடவைதான். அதனால் மன்னார்குடியில் மத்தியானம் கரண்ட் போய் வந்தால், சிங்கப்பூரில் மகன் டனலை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். அவனுக்கு இது தெரிந்தால் பிரச்சினை இல்லை. தெரியாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்குப் போன் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் இதில் பாதி குறையும்.

ஒவ்வொரு போனுக்கும் ஒரு கீ ஜோடி நாமே உண்டாக்கிக் கொடுக்க வேண்டும், போன் தொலைந்தால் நாமே நீக்க வேண்டும். க்யூஆர் கோடாகக் காட்டினால் போனில் ஏற்றுவது எளிது. வளைகுடாவில் இருக்கிறவர்கள் ஆன் செய்யும் முன் அந்த நாட்டு விபிஎன் விதியை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. சில நாடுகளில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

டெயில்ஸ்கேல்

உள்ளே ஓடுவது வயர்கார்ட்தான். வித்தியாசம், இரண்டு பக்கமும் வெளியே நோக்கித்தான் பேசுகின்றன. ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம், பொது ஐபியும் வேண்டாம், டிடிஎன்எஸ்ஸும் வேண்டாம். கேபிள்காரரிடம் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கவும் வேண்டாம். ஐபி மாறினால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். நேரடி வழி கிடைக்காவிட்டால் இடைநிலை சர்வர் வழியாகப் போகும். பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அப்படிப்பட்ட சர்வர்கள் இருக்கின்றன. வேகம் குறையும், படம் பார்க்கத் தடுமாறும், கேமரா பார்க்கப் போதும்.

விலை வேறு மாதிரி. யார் எந்தக் கருவியோடு பேசலாம் என்ற பட்டியல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. உள்ளே போகும் தகவலை அவர்களால் படிக்க முடியாது, தனிக் கீகள் அவரவர் கருவியிலேயே தங்குகின்றன. ஆனால் கூகுள் மாதிரி ஏதாவது ஒரு கணக்கை வைத்துத்தான் நுழைகிறோம். அந்தக் கணக்கு பறிபோனால் வீடும் பறிபோகிறது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஜிமெயிலை வைத்து இதை ஆரம்பிக்காதீர்கள். கம்பெனியே வேண்டாம் என்பவர்களுக்கு ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மாற்று இருக்கிறது. அதை ஓட்ட வெளியே தெரியும் ஒரு சர்வர் வேண்டும், அப்போது மறுபடி முதல் கேள்விக்கே வந்துவிடுகிறோம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: கருவியின் கீ 180 நாளில் காலாவதியாகும், மாற்றாமல் விட்டால். சித்திரையில் அமைத்த சர்வர் ஐப்பசியில், சரியாக மழை நேரத்தில், தொடர்பு அறுந்து நிற்கும். வீட்டில் அதற்கு மறுபடி லாகின் செய்யத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். சர்வருக்கு மட்டும் அந்தக் காலாவதியை அணைத்துவிட வேண்டும்.

கிளவுட்ஃப்ளேர் டனல்

இதுவும் வெளியே நோக்கிப் பேசுவதுதான், வீட்டில் போர்ட் எதுவும் திறக்காது. ஆனால் இதன் நோக்கம் வேறு: எந்த ஆப்பும் போடாத ஆட்களும் பிரவுசரில் பார்க்க வேண்டும். கல்யாண ஆல்பத்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் காட்ட வேண்டும், ரைஸ் மில்லுக்கு ஒரு விலைப் பக்கம் வேண்டும் என்றால் இது சரி. சொந்தமாக ஒரு டொமைன் வேண்டும். போகும் வரும் தகவல் கிளவுட்ஃப்ளேர் கம்பெனியிடம் ஒரு முறை மறைகுறி அவிழ்க்கப்பட்டுத்தான் வருகிறது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் ஏற்றும் அளவுக்கு 100 எம்பி வரம்பு உண்டு, போனில் எடுத்த பெரிய வீடியோ இம்மிச்சுக்கு ஏறாமல் நிற்பதற்குக் காரணம் பல நேரம் அதுதான். முக்கியமாக, வீட்டு ஐபி மறைந்தாலும் அந்தப் பக்கம் உலகத்துக்கே தெரிகிறது. ஸ்கேன்கள் இப்போது டொமைன் பெயரில் வரும். முன்னால் ஒரு லாகின் வாசல் வைக்காமல் குடும்பப் படங்களை இதில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

எதை எடுப்பது

மன்னார்குடி வீட்டுக்கு என் முடிவு: சிஜிநாட் என்றால் யோசிக்காமல் டெயில்ஸ்கேல். பொது ஐபி இருந்து, குடும்பத்தில் ஒருவராவது லாக் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் வயர்கார்ட். பொது ஐபி இருக்கிறது, ஆனால் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் என்றால் அப்போதும் டெயில்ஸ்கேல்தான். நிலையான ஐபிக்குக் கொடுக்கும் காசை யூபிஎஸ்ஸில் போடலாம். அந்நியர் பார்க்க வேண்டிய ஒன்றுக்கு மட்டும் கிளவுட்ஃப்ளேர் டனல், அதுவும் தனியாக. எஸ்எஸ்ஹெச்சைத் திறந்து வைத்து ஃபெயில்2பேன் போடுவது, வேறு வழியே இல்லாதவர்களுக்கு.

எதை எடுத்தாலும் வீட்டு நெட்வொர்க்கின் எண்ணை முதலில் மாற்றிவிடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்றுதான் வருகின்றன. மகனின் சிங்கப்பூர் வீட்டிலும் அதுவே இருந்தால், டிவிஆரின் முகவரியைத் தட்டும்போது அவன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டு நிற்கும். 192.168.87 மாதிரி யாரும் வைக்காத ஒன்றை வையுங்கள்.

டிவிஆரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டில் மிகப் பலவீனமான பெட்டி அதுதான். 2016இல் மிராய் என்ற நிரல் டெல்நெட் என்ற பழைய தொலைநுழைவு முறையின் போர்ட்டைத் தட்டி, 60 சொச்சம் தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை மட்டும் முயன்று, லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அந்த அக்டோபரில் தளப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டைன் (Dyn) என்ற கம்பெனியைத் தாக்கி அமெரிக்காவில் பெரிய தளங்கள் பலவற்றை முடக்கியதும் அந்தப் படைதான். கேமரா மாட்டுகிறவர் அவசரத்தில் 554, 8000, 37777 மாதிரி போர்ட்களைத் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். அல்லது யூபிஎன்பி வழியாக டிவிஆரே ரவுட்டரிடம் கேட்டுத் திறந்திருக்கலாம். ரவுட்டரில் யூபிஎன்பியை அணைத்து, அந்த ஃபார்வர்டுகளை அழித்துவிடுங்கள். வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ, சர்வர் வழியாக முழு வீட்டு நெட்வொர்க்குக்கும் வழி விடலாம். டிவிஆருக்குள் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

சர்வரில் நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் இருக்கிறதா? லினக்ஸ் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவில் எல்லாவற்றையும் மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது அதிர்ச்சி தரும்: டாக்கர் வெளியிடும் போர்ட்கள் யூஎஃப்டபிள்யூ விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். டாக்கர் தன் விதிகளை நேராக, அதற்கு அடியில் இருக்கும் ஐபிடேபிள்ஸில் எழுதுகிறது. ரவுட்டர் முன்னால் நிற்கும்வரை இது தெரியாது. ஐபிவி6இல் ரவுட்டர் ஃபயர்வால் அணைந்திருந்தாலோ, யாராவது சர்வரை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வருவதெல்லாம் நேராக அதற்கே போகும் இடம்) போட்டாலோ தெரியும். போர்ட்டை வெளியிடும்போது முன்னால் 127.0.0.1 (சர்வர் தனக்குள் மட்டும் பேசும் முகவரி) என்றோ டெயில்ஸ்கேல் முகவரியையோ சேர்த்து எழுதினால் அந்த வழியில் மட்டும் திறக்கும்.

எல்லாம் முடிந்ததும் வெளியிலிருந்து பார்க்காமல் விடாதீர்கள். வீட்டு வைஃபையிலிருந்து ஸ்கேன் செய்தால் உள்பக்கம்தான் தெரியும். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, உங்கள் வீட்டு ஐபியை, உங்களுடையதை மட்டும், என்மேப் கொண்டு முழு 65,535 போர்ட்களுக்கும் பாருங்கள். பிங் பதில் வராவிட்டாலும் தொடரச் சொல்லும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீடே இல்லை என்று நின்றுவிடும். சிஜிநாட் வீடு என்றால் ஐபிவி4 ஸ்கேனில் அர்த்தமில்லை, அது கம்பெனியின் பெட்டியைத்தான் தட்டும்; ஐபிவி6 முகவரியை மட்டும் பாருங்கள். ஒன்றுமே திறந்திருக்கக் கூடாது. 7547 மட்டும் திறந்திருந்தால் அது உங்கள் சர்வர் இல்லை. இணையம் தருகிறவர் ரவுட்டரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க வைத்திருக்கும் வழி. 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் படுத்ததற்குக் காரணமான தாக்குதல் வந்தது அந்தப் போர்ட்டில்தான். அதை வெளி உலகத்துக்கு மூடச் சொல்லி கேபிள்காரரிடம் கேளுங்கள். அவருக்கு அது என்னவென்றே தெரியாவிட்டால், அவருக்கு மேலே இருப்பவரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.